பம்பு எங்கே இருக்க வேண்டும்?

ஒரு கற்பனைக் கணக்கோடு தொடங்குவோம்.

ஸ்ரீரங்கம் கோயிலின் ராஜகோபுரம் 1987 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதன் உயரம் சுமார் 72 மீட்டர். அதன் உச்சிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. உச்சி வரை செல்லும் வலுவான குழாய் இருக்கிறது. ஆற்றல் மிக்க பம்பு ஒன்றும் இருக்கிறது. அந்தப் பம்பை அடியில் தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பதா? அல்லது உச்சியில் வைத்து, அதிலிருந்து குழாயைக் கீழே தொட்டிக்குள் விடுவதா?

எங்கே வைத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். அதே பம்பு, அதே குழாய், அதே உயரம். ஆனால் விளைவு ஒன்றன்று. அடியில் வைத்தால் தண்ணீர் உச்சிக்கு ஏறும். உச்சியில் வைத்தாலோ, பத்துக் குதிரைத்திறன் பம்பானாலும் ஆயிரம் குதிரைத்திறன் பம்பானாலும் தண்ணீர் 10 மீட்டர் சொச்சம் ஏறி அங்கேயே நின்றுவிடும். கோபுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் அது.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால், தொட்டியத்திலிருந்து திருச்சிக்கு வாழைத்தார் ஏற்றி வரும் டீசல் பிக்கப் வண்டி ஒன்று நடுவழியில் நின்றுபோவதற்கும், மெக்கானிக் அதன் டீசல் பம்பை இடம் மாற்றிப் பொருத்துவதற்கும் காரணம் விளங்கிவிடும். இரண்டும் ஒரே விதியின் இரு முகங்கள்.

இழுப்பது யார்?

பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது, இழுக்கிறது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். வாளியைக் கயிற்றால் இழுப்பதுபோல் பம்பு தண்ணீரைப் பிடித்து இழுப்பதில்லை. அது செய்வதெல்லாம் தன் வாய்ப்பக்கத்தில் உள்ள அழுத்தத்தைக் குறைப்பதுதான். அப்போது தொட்டியில் உள்ள நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம், அழுத்தம் குறைந்த அந்தக் குழாய்க்குள் நீரைத் தள்ளி ஏற்றுகிறது. வேலை செய்வது காற்று. அதற்கு வழி விடுவது பம்பு.

காற்றால் எவ்வளவு உயரம் தள்ள முடியும்? கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை வைத்ததற்குச் சமம். ஒரு மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் தரும் அழுத்தம் 9.8 கிலோபாஸ்கல். 101 ஐ 9.8 ஆல் வகுத்துப் பாருங்கள். 10.3 மீட்டர் கிடைக்கிறது. குழாயின் உச்சியில் முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும் அதற்குமேல் ஒரு சாண்கூட நீர் ஏறாது.

இந்த எல்லையை முதலில் கண்டவர்கள் அறிஞர்கள் அல்லர். பம்பு வேலை செய்த தொழிலாளிகள். இத்தாலியில் ஏறத்தாழ 18 முழத்துக்கு மேல் பம்பு தண்ணீரை ஏற்றுவதில்லை என்றும், அது பம்பின் பழுதன்று என்றும் ஒரு தொழிலாளி சொன்னதாகக் கலிலியோ தமது 1638 ஆம் ஆண்டு நூலில் எழுதியுள்ளார். நீண்ட கயிறு தன் எடையாலேயே அறுந்துவிடுவதுபோல் நீர்த்தம்பமும் அறுந்துவிடுகிறது என்று அவர் விளக்கம் தந்தார். தொழிலாளி கண்டது சரி. கலிலியோ தந்த விளக்கம் சரியன்று. அவருடைய கடைசி நாட்களில் உடனிருந்த டாரிசெல்லி 1643 இல் பாதரசத்தை வைத்து உண்மையைக் காட்டினார். நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியான பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. 0.76 ஐ 13.6 ஆல் பெருக்கினால் அதே 10.3 மீட்டர்.

ஆக, உச்சியில் வைத்த பம்புக்கு வளிமண்டலம் ஒன்றே துணை. அந்தத் துணைக்கு ஓர் எல்லை உண்டு. அடியில் வைத்த பம்புக்கு அந்த எல்லை கிடையாது. அது தன் சொந்த விசையால் நீரைத் தள்ளுகிறது. 72 மீட்டர் ஏற்ற சுமார் 706 கிலோபாஸ்கல், அதாவது ஏழு வளிமண்டல அழுத்தம் தேவை. அதைத் தரும் பம்புகள் கடையிலேயே கிடைக்கின்றன. உறிஞ்சுவதற்கு எல்லை உண்டு; தள்ளுவதற்குப் பம்பின் வலிமையும் குழாயின் உறுதியுமே எல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் அடியில் ஒரு நோட்டம்

இனி டீசல் பிக்கப் வண்டிக்கு வருவோம். இவ்வகை வண்டிகளில் எஞ்சின் முன்னால் இருக்கும். டீசல் டேங்க் பின்னால், சரக்குத் தட்டின் அடியில், சட்டத்தின் ஓரமாகத் தொங்கும். டேங்கிலிருந்து எஞ்சின் வரை ஒரு சிறு குழாய் சட்டத்தை ஒட்டி ஓடுகிறது. அதன் நீளம் சுமார் 3 மீட்டர் என்று கொள்வோம்.

எஞ்சினில் இரண்டு பம்புகளின் வேலை நடக்கிறது. ஒன்று, டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்பும் உயரழுத்தப் பம்பு. மற்றொன்று, டேங்கிலிருந்து டீசலைக் கொண்டுவந்து வடிகட்டி வழியாக அந்த உயரழுத்தப் பம்பின் வாயில் ஊட்டும் சிறிய பம்பு. இந்த இரண்டாவதைத்தான் ஏற்று பம்பு என்கிறோம். பட்டறையில் ஃபீட் பம்பு என்பார்கள். தாய் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் பெரிய பம்புக்கு இது ஊட்டுகிறது. ஊட்டுவது நின்றால் பெரிய பம்பு பட்டினிதான்.

பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் இந்த ஏற்று பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். எஞ்சின் சுழற்சியே அதை இயக்கும். தனி மின்சாரம் வேண்டாம் என்பது அதன் வசதி. ஆனால் ராஜகோபுரத்தின் உச்சியில் வைத்த பம்பின் நிலைதான் இதற்கும். டீசல் 3 மீட்டர் தூரத்தில், தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. பம்பு அதை ‘உறிஞ்ச’ வேண்டும்.

உயரம் கொஞ்சம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம்.

மூன்று மீட்டர் குழாயின் கணக்கு

டீசலின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.83 கிலோகிராம். டேங்கின் அடியிலிருந்து பம்பின் வாய் வரை உயரம் 0.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்குத் தேவையான அழுத்தம் ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல். கையில் இருக்கும் 101 இல் இது சிறு பங்கு. உயரம் மட்டும் பிரச்சினை என்றால் கவலையே இல்லை.

ஆனால் நீர்மம் குழாயில் ஓடும்போது உராய்வு உண்டு. டீசல் தண்ணீரைவிடப் பிசுப்பு மிகுந்தது. இதன் பாகுநிலையைச் சுமார் 0.003 பாஸ்கல் வினாடி எனக் கொள்வோம். நிமிடத்துக்கு 1.5 லிட்டர் டீசல், 6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 3 மீட்டர் குழாயில் ஓடுகிறது. எஞ்சின் இவ்வளவையும் எரிப்பதில்லை. ஒரு பங்கு எரிய, மிச்சம் திரும்பு குழாய் வழியே டேங்குக்கே போய்விடும். நீங்கள் மேல்வகுப்பில் படிக்கப்போகும் பாய்சொய் வாய்பாட்டின்படி இந்த ஓட்டத்துக்கு வேண்டிய அழுத்த வேறுபாடு சுமார் 7 கிலோபாஸ்கல். உயரத்துக்கு 5, உராய்வுக்கு 7, மொத்தம் 12. இன்னும் மிச்சம் ஏராளம்.

இப்போது குழாயின் உள்விட்டம் பாதியாகிவிட்டது என்று நினையுங்கள். பாய்சொய் வாய்பாட்டில் தேவைப்படும் அழுத்தம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆரம் பாதியானால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது; 2×2×2×2, அதாவது 16 மடங்கு ஆகும். 7 ஐ 16 ஆல் பெருக்கினால் 112 கிலோபாஸ்கல்! வளிமண்டலத்தின் முழு அழுத்தமே 101 தான். ஆகவே எஞ்சின் பக்கம் எவ்வளவு நல்ல பம்பை வைத்தாலும் அந்த ஒல்லிக் குழாய் வழியே நிமிடத்துக்கு 1.5 லிட்டர் வரவே வராது. குழாய் முழு நீளமும் ஒல்லியாக வேண்டும் என்பதில்லை. ஓரிடத்தில் நசுங்கினாலோ, டேங்கின் உள்ளே உள்ள சல்லடையில் கசடு படிந்தாலோ, வடிகட்டி அடைத்தாலோ இதே திசையில்தான் நிலைமை போகும்.

மெக்கானிக் பெரிய பம்பு வாங்கிப் போடாமல், உள்ள பம்பின் இடத்தைப் பற்றி ஏன் யோசிக்கிறார் என்பது இப்போது புரிகிறதா?

கோலி சோடாவும் டீசலும்

உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் குறையும்போது வேறு ஒரு தொல்லையும் எழுகிறது. கோலி சோடாவின் குண்டை அழுத்தித் திறந்ததும் குமிழ்கள் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் இருந்தவரை நீரில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் வெளிவருகிறது. டீசலிலும் காற்று கரைந்திருக்கிறது. உறிஞ்சு குழாயில் அழுத்தம் மிகக் குறைந்தால் அந்தக் காற்று குமிழ் குமிழாகப் பிரியும். பெட்ரோல் எளிதில் ஆவியாகும் என்பதால் அதன் ஆவியே குழாயை அடைத்துக்கொள்ளும். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. அதில் தொல்லை தருவது பெரும்பாலும் காற்றுதான்.

குமிழ் வந்தால் என்ன? பழைய வகை இன்ஜெக்டர் சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில்தான் திறக்கும் என்று கொள்ளுங்கள். இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் ஆயிரத்தையும் தாண்டும். ஒவ்வொரு முறையும் தெளிக்கப்படும் டீசல் ஒரு சிறு துளி அளவே; 40 கன மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளியின் இடத்தில் 40 கன மில்லிமீட்டர் காற்று வந்து உட்கார்ந்துவிட்டது. பம்பின் பிஸ்டன் அழுத்துகிறது. டீசலாக இருந்தால் சுருங்க மறுத்து அழுத்தம் உடனே உயர்ந்திருக்கும். காற்றோ, பாயில் விதிப்படி, 200 மடங்கு அழுத்தம் வர வேண்டுமானால் 200 இல் ஒரு பங்காக, 0.2 கன மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். பிஸ்டனின் முழு நகர்ச்சியும் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். இன்ஜெக்டர் திறக்காது. எஞ்சின் இருமி, தடுமாறி, நின்றுபோகும். இதைத்தான் ஓட்டுநர்கள் ‘ஏர் லாக்’ என்கிறார்கள். கையால் அழுத்தும் பிரைமரை இயக்கி, திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றுவதை ‘ஏர் எடுப்பது’ என்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை

காற்று டீசலிலிருந்து மட்டும் வருவதில்லை. வெளியிலிருந்தும் வரும். இங்கேதான் பம்பின் இடம் மிக முக்கியமாகிறது.

பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. பம்புக்குப் பின்னால் உள்ள குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகம். இணைப்பில் உள்ள செம்பு வாஷர் தேய்ந்து ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தது என்று கொள்ளுங்கள். அந்த இணைப்பு பம்புக்குப் பின்னால் இருந்தால் டீசல் வெளியே கசியும். தரையில் சொட்டும், வாடை அடிக்கும், தூசி ஒட்டிக் கறுக்கும். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். அதே இடைவெளி பம்புக்கு முன்னால் இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டுக்கூட இராது. குழாய் காய்ந்து சுத்தமாக இருக்கும். வண்டி மட்டும் நாளுக்கு இரண்டு முறை நிற்கும்.

பம்பு எஞ்சின் பக்கம் இருந்தால் 3 மீட்டர் குழாயும் அதன் இணைப்புகளும் குறைந்த அழுத்தப் பக்கத்தில் கிடக்கின்றன. பம்பை டேங்க் பக்கம் கொண்டுபோய்விட்டால் அந்த 3 மீட்டரும் அதிக அழுத்தப் பக்கத்துக்கு மாறிவிடுகிறது. மறைந்திருந்த பழுது வெளிப்படையான பழுதாகிறது. குழாயில் எதையும் மாற்றவில்லை. பம்பின் இடத்தை மட்டுமே மாற்றினோம்.

இடம் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

எஞ்சினோடு ஒட்டிய பம்பை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. அதை இயக்குவது எஞ்சினின் சுழற்சி. ஆகவே டேங்க் பக்கம் வைப்பது மின்பம்பு. அதற்கு உரிய விதிகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

முதலாவதாக, பம்பு டேங்குக்கு மிக அருகில், இயன்றவரை டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போது டீசல் தன் எடையாலேயே பம்பின் வாய்க்கு வந்து நிற்கும். இரண்டாவதாக, பம்புக்கு முன்னுள்ள குழாய் குட்டையாகவும் அகலமாகவும் வளைவு குறைந்தும் இருக்க வேண்டும். நான்காம் அடுக்கு விதியை மறக்காதீர்கள். மூன்றாவதாக, பம்புக்கு முன்னால் பெரிய கண்ணுள்ள சல்லடை போதும். நுண்ணிய வடிகட்டி பம்புக்குப் பின்னால் இருப்பது நல்லது. அதன் தடையைப் பம்பு தள்ளிச் சமாளிக்கும்.

நான்காவது விதி சுவையானது. பம்பு டேங்குக்கு அருகில் போகும்போது பேட்டரியிலிருந்து விலகிப் போகிறது. டீசல் குழாயின் சுமை குறைந்தது. மின்கம்பியின் நீளம் கூடியது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள 5 மீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.085 ஓம். 8 ஆம்பியர் மின்னோட்டம் போனால் ஓம் விதிப்படி 0.7 வோல்ட் வழியிலேயே வீணாகும். பம்புக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 11.3 வோல்ட்தான் கிடைக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. குழாயில் மிச்சம் பிடித்ததைக் கம்பியில் இழக்கக் கூடாது.

ஐந்தாவது விதி உயிர் சம்பந்தப்பட்டது. எஞ்சினால் ஓடும் பம்பு, எஞ்சின் நின்றதும் தானே நிற்கும். மின்பம்பு அப்படியன்று. விபத்தில் குழாய் அறுந்து எஞ்சினும் நின்ற பிறகு, பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் டீசலை வெளியே பீய்ச்சும். ஆகவே எஞ்சின் நின்றால் பம்பின் மின்சாரமும் அறும்படி ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். இதனால்தான் இந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கே செய்ய வேண்டும்.

இடம் மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. டேங்கின் மூடியில் உள்ள சிறு காற்றுத்துளை மண்ணால் அடைபட்டது என்று கொள்ளுங்கள். டீசல் குறையக் குறைய டேங்கின் உள்ளே அழுத்தம் குறையும். டீசலைத் தள்ள வெளிக்காற்று உள்ளே வர முடியாது. பம்பு எங்கிருந்தாலும் வண்டி திணறும். மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். காரணத்தை அறியாமல் பம்பை மாற்றுவது வீண் செலவு.

அமெரிக்காவில் ஒரு பாடம்

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவில் 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப் வண்டிகளில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் இருந்தது. அதன் ஏற்று பம்பு மின்சாரத்தால் ஓடுவது; ஆயினும் எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. டேங்கிலிருந்து எஞ்சின் வரை டீசலை உறிஞ்ச வேண்டிய சுமையோடு எஞ்சினின் சூட்டையும் அதிர்வையும் அது தாங்க வேண்டியிருந்தது. பல வண்டிகளில் அந்தப் பம்பு நலிந்தது.

சிறு பம்பு நலிந்ததோடு போகவில்லை. அந்த எஞ்சினின் போஷ் நிறுவன உயரழுத்தப் பம்புக்கு மசகும் குளிர்ச்சியும் தருவது அதன் வழியே ஓடும் டீசலே. ஊட்டம் குறைந்ததும் விலை உயர்ந்த அந்தப் பம்பும் கெட்டது. வண்டி உரிமையாளர்களும் பட்டறைக்காரர்களும் ஏற்று பம்பை டேங்குக்கு அருகே சட்டத்தில் இடம் மாற்றிப் பொருத்தினர். பின்னர், 2005 மாதிரி வண்டிகளிலிருந்து தயாரிப்பாளர்களே ஏற்று பம்பை டேங்கின் உள்ளே வைத்துவிட்டனர். டீசலில் மூழ்கிய பம்புக்கு உறிஞ்ச வேண்டிய வேலையே இல்லை.

கிணற்றுக்குள் இறங்கும் பம்பு

இதே பாடத்தை நம் உழவர்கள் எப்போதோ கற்றுவிட்டார்கள். கிணற்றின் மேலே வைத்த பம்புசெட் நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர் ஆழத்திலிருந்துதான் நன்றாக நீர் எடுக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பெரிய மோட்டார் வாங்கிப் பயனில்லை. மணப்பாறை, துறையூர் போன்ற மேட்டுப் பகுதிகளில் கிணற்றுச் சுவரில் மேடை அமைத்து, பம்பையே நீருக்கு அருகில் இறக்குவார்கள். உறிஞ்சு குழாயின் இணைப்பில் சைக்கிள் டியூபை இறுகச் சுற்றுவதும் ‘காற்று வாங்காமல்’ இருக்கத்தான். நீர்மூழ்கிப் பம்பு வந்தபின் பம்பு நீருக்குள்ளேயே போய்விட்டது.

தெருவில் நிற்கும் இந்தியா மார்க் 2 கைப்பம்பைப் பாருங்கள். 1970களில் யூனிசெஃப் உதவியோடு உருவானது இது. கைப்பிடி மேலே இருந்தாலும் உண்மையான பம்பு உருளை ஆழ்துளைக்குள் நீரில் இருக்கிறது. நீண்ட கம்பி ஒன்று இரண்டையும் இணைக்கிறது. அதனால்தான் 10.3 மீட்டர் எல்லை இதைக் கட்டுப்படுத்துவதில்லை. காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஆற்றுப் படுகையில் எழுந்து நிற்கும் குடிநீர்க் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய கிணறுகளில் வழக்கமாகப் பயன்படும் செங்குத்து டர்பைன் பம்பில் மோட்டார் மேலே உலர்ந்த அறையில் இருக்கும்; நீரைத் தள்ளும் சுழலி கீழே நீருக்குள் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்மோட்டாருக்குப் பதில் டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு. கிணற்றில் காற்றோட்டம் இல்லாததால் அது தங்கிவிடும். மயங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மயங்கிவிடுவார். உங்கள் வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ அப்படி யாரேனும் செய்ய நினைத்தால் நீங்கள் தடுத்துச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஊசியில்லாத புதிய சிரிஞ்சு ஒன்றில் கால் பங்கு தண்ணீர் எடுங்கள். காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். நுனியை விரலால் இறுக மூடிக்கொண்டு பிஸ்டனைப் பின்னுக்கு இழுங்கள். தண்ணீருக்குள் சிறு குமிழ்கள் தோன்றும். உறிஞ்சு குழாயில் டீசலுக்கு நேர்வது இதுவே.

2. உறிஞ்சுகுழலின் மேற்பகுதியில் குண்டூசியால் ஒரு துளை இட்டு, அதன் வழியே தண்ணீர் குடியுங்கள். காற்றும் நீரும் கலந்து வரும். துளையிலிருந்து ஒரு சொட்டும் வெளியே கசியாது என்பதைக் கவனியுங்கள். இனி அதே குழலால் வாய் நிறைய நீரை எதிர்ப்பக்கமாக ஊதுங்கள். இப்போது துளையிலிருந்து நீர் பீறிடும்.

3. பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் துளையிட்டு, உறிஞ்சுகுழலைச் செருகி, இடைவெளியை மெழுகால் அடையுங்கள். பாட்டில் நிறைய நீர் இருந்தும் சிறிது வந்தபின் குடிக்க முடியாது, பாட்டில் நசுங்கும். டேங்க் மூடியின் காற்றுத்துளை ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

இந்தச் சோதனைகளைத் தண்ணீரில் மட்டுமே செய்யுங்கள். டீசலையோ பெட்ரோலையோ ரப்பர் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பதைச் சிலர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் போனாலும் கடுமையான நுரையீரல் அழற்சி உண்டாகும். அப்படி நேர்ந்தவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கைப்பம்பு ஒன்று இந்த வேலையை ஆபத்தில்லாமல் செய்யும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. முழு வெற்றிடம் உண்டாக்கும் பம்பு ஒன்று கடல் மட்டத்தில் டீசலை எவ்வளவு உயரம் ஏற்றும்? தண்ணீரைவிட அதிகமா, குறைவா?

2. கொடைக்கானலில் வளிமண்டல அழுத்தம் சுமார் 79 கிலோபாஸ்கல். அங்கே தண்ணீருக்கு இந்த எல்லை எவ்வளவு? திருச்சியில் நன்றாக ஓடிய பழைய டீசல் வண்டி, அங்கே ஏறியதும் எரிபொருள் போதாமல் திணறினால் அதற்குரிய இரண்டு காரணங்களைக் கூறுக. (குளிரில் எண்ணெய் வகைகளின் பாகுநிலை எப்படி மாறும்?)

3. டேங்க் பக்கம் மின்பம்பு வைத்த வண்டி ஒன்றில், பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓர் இணைப்பு தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது காற்று உள்ளே போகுமா, டீசல் வெளியே வருமா?

விடைகள்: 1. சுமார் 12.4 மீட்டர், அடர்த்தி குறைவானதால் தண்ணீரைவிட அதிகம். 2. சுமார் 8 மீட்டர். தள்ளும் காற்றழுத்தம் குறைவு, குளிரில் டீசலின் பாகுநிலை கூடுவதால் உராய்வு அதிகம். 3. டீசல் வெளியே வரும். ஓட்டுநர் அதைக் கண்ணால் கண்டு, வண்டி நிற்குமுன்னே சரிசெய்துவிடலாம்.